ஊன்றுகோலும் அருளே

திருமணமாகித் திருவொற்றியூருக்கு வந்த மூன்றாம் நாள் என் மாமியார் என்னை வடிவுடையம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். அன்று தொடங்கிய பழக்கம் இது. 44 ஆண்டுகள் ஓடிவிட்டன. எந்தத் தூணருகே நின்றால் அம்பாளின் திருமுகம் நேராகத் தெரியும், எந்தப் படி மற்றவற்றைவிடச் சற்று உயரம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். “கண்ணை மூடிக்கொண்டும் இந்தக் கோயிலை வலம் வந்துவிடுவேன்” என்று அக்கம்பக்கத்தாரிடம் பெருமையாகச் சொல்லுவேன். அந்தச் சொல் எனக்கே சோதனையாக வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

முதலில் வாசல் கோலம் பிசகியது. புள்ளி வைக்கும்போது நேராகத்தான் இருந்தது. இழை சேர்க்கும்போது ஓரத்துப் புள்ளிகள் தப்பிப்போயின. பிறகு குத்துவிளக்குக்கு எண்ணெய் விடும்போது அகலுக்கு வெளியே சிந்தியது. வயது 68 ஆகிறது, கை நடுங்குகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கை நடுங்கவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் பூஜையறையும் அடுக்களையும் என் கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம்தான் காரணம்.

மறைத்த குற்றத்தோடு இன்னொரு குற்றமும் சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கின் பக்கத்திலிருந்த எண்ணெய்ச் செம்பை என் கை தட்டிவிட்டது. தரையெல்லாம் எண்ணெய். ஓடிவந்த மருமகளைப் பார்த்து, “வைத்த இடத்தில் ஒரு பொருளும் இருப்பதில்லை. என் சாமி அறையில் கை வைக்காதே என்று எத்தனை முறை சொல்வது?” என்று கடிந்துகொண்டேன். செம்பை அங்கே வைத்தவள் நானேதான். அவள் மறுமொழி சொல்லாமல் குனிந்து எண்ணெயைத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு, “அத்தை, நாளைக்குக் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரலாமா?” என்று மட்டும் கேட்டாள். என் கண்ணில் குறை இருப்பதை என்னைவிட முன்பே அவள் கவனித்திருக்கிறாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இது கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா என்பார்கள். கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிந்துவிடுகிறது. வலி இல்லை, கண் சிவப்பதும் இல்லை. ஓரப் பார்வைதான் முதலில் மறையும்; நடுப்பார்வை நெடுநாள் நிற்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. “போன பார்வையை மீட்க வழியில்லை அம்மா. இருப்பதைக் காப்பாற்றலாம். ஒருநாளும் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும்” என்றார். என் தாயார் இறுதிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவி நடந்தது அப்போது நினைவுக்கு வந்தது. வயதுக் கோளாறு என்றே நாங்கள் அனைவரும் இருந்துவிட்டோம்.

வீடு திரும்பிய நான் இரண்டு நாள் கோயிலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள், எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் ‘பாட்டி இதுவரை செய்யாதவை’ என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டுக் கொண்டுவந்தாள். “பாட்டி, நீங்கள் பார்க்காதது, போகாதது, செய்யாதது எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எல்லாரும் சேர்ந்து செய்வோம்” என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே எத்தனை விடுபட்டிருக்கின்றன என்பது சொல்லத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊர் வழியே ஓடும் மெட்ரோ ரயிலில் நான் ஏறியதில்லை. பட்டினத்தார் சமாதியை அடுத்த கடற்கரையில் நின்று சூரிய உதயம் கண்டதில்லை. இவற்றையெல்லாம்விட வெட்கத்துக்குரியது ஒன்று உண்டு. எங்கள் ஆதிபுரீஸ்வரர் புற்று மண்ணால் ஆன திருமேனியர். ஆண்டு முழுவதும் கவசத்தோடு காட்சி தரும் அப்பெருமான், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசமின்றித் தரிசனம் தருகிறார். 44 கார்த்திகைகள் இந்த ஊரிலேயே கழிந்தும், அந்தத் தரிசனம் எனக்கு ஒருமுறையும் வாய்க்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சுவதும் அப்பம் சுடுவதுமாக அடுப்படியில் நின்றிருப்பேன்.

அடுத்த மூன்று ஊர்களை நானே சொன்னேன்: திருவெண்பாக்கம், காஞ்சி, திருவாரூர். “ஏன் பாட்டி இந்த மூன்று?” என்றாள் பேத்தி. சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைச் சொன்னேன். ‘உன்னைப் பிரியேன்’ என்று சங்கிலி நாச்சியாருக்கு அவர் மகிழ மரத்தடியில் வாக்களித்தது எங்கள் ஊரில்தான். திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, அந்த வாக்கை மீறி ஊரெல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி இழந்தன. பின்னர் இறைவன் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் தந்தருளினான். அவர் கண்ணிழந்த ஊரில்தானே நானும் கண் மங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் நடந்த வழியில் நானும் ஒருமுறை போய்வர வேண்டும் என்றேன். பேத்தி மறுபேச்சின்றி எழுதிக்கொண்டாள்.

ஆவணியில் மெட்ரோவோடு தொடங்கினோம். விமான நிலையம் வரை போய்த் திரும்புவது என்று பேரன் முடிவு செய்தான். ரயிலுக்குள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இறங்கியபோதுதான் தடுமாறினேன். நகரும் படிக்கட்டில் ஒரு படி எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. கால் தவறிய கணத்தில் ஒரு கை என் முழங்கையை இறுகப் பற்றியது. மருமகள் என் இடப்புறமாகவே நின்றிருக்கிறாள். நான்தான் அவளைப் பார்க்கவில்லை. மறுவாரம் அவள் ஒரு மடக்குக் கோல் வாங்கி வந்து தயங்கித் தயங்கி நீட்டினாள். “நான் இன்னும் கிழவியாகவில்லை” என்று சொல்லி, அதை வாங்கிப் பீரோவின் பின்னால் செருகிவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை. பட்டினத்தாரை வணங்கிவிட்டுக் கடலோரம் போய் நின்றோம். கையில் பேய்க்கரும்போடு திரிந்த அந்தத் துறவிக்கு, அதன் நுனி இனித்த இடம் இதுதான் என்பது மரபு. “கரும்பின் நுனி எப்படிப் பாட்டி இனிக்கும்?” என்றான் பேரன். பதில் சொல்வதற்குள் கதிரவன் எழுந்துவிட்டான். நடுப்பார்வை இருப்பவளாதலால் அந்தச் செவ்வட்டம் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. “எவ்வளவு பெரிய கடல், பாருங்கள்!” என்று பிள்ளைகள் வியந்தார்கள். எனக்குத் தெரிந்ததோ ஒரு சாளரத்தின் அளவு கடல். அதை அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது மருமகளின் நடை என் நடையளவுக்கு மெதுவாகியிருந்ததைக் கவனித்தேன்.

கார்த்திகைப் பௌர்ணமி வந்தது. அவ்வாண்டு அடுப்படியை மகன் ஏற்றுக்கொண்டான். அவன் பிடித்த பொரி உருண்டைகள் உதிர்ந்து பொரியாகவே கிடந்ததைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு உண்டு. நீண்ட வரிசையில் நின்று கருவறைக்கு நேரே வந்தபோது, புனுகும் சாம்பிராணித் தைலமும் கமழ, கவசம் நீங்கிய ஆதிபுரீஸ்வரரைக் கண்டேன். என்னிடம் எஞ்சியிருந்த பார்வை அந்தத் திருமேனியைக் காணப் போதுமானதாக இருந்தது. ‘அப்பனே, 44 ஆண்டுகள் நீ இங்கேயே இருந்தாய்; நான்தான் வரவில்லை’ என்ற ஒன்றுதான் சொல்ல வந்தது. கண்ணைத் திருப்பிக் கொடு என்று கேட்கவே நான் போயிருந்தேன். அது மறந்துபோயிற்று.

தை மாதம் திருவெண்பாக்கம். பழைய தலம் இன்று நீருக்கடியில் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது கோயிலை அங்கிருந்து பெயர்த்துக் கரைப்பக்கம் எழுப்பினார்கள். நாங்கள் குடிக்கும் தண்ணீருக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்த பெருமான் என்று மகன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இறைவன் திருநாமம் ஊன்றீஸ்வரர். இருளில் தடுமாறிய சுந்தரருக்கு மின்னலாய் ஒளி காட்டிய அம்பிகை மின்னொளியம்மை.

அங்கே நந்தியின் கொம்பு ஒன்று ஒடிந்திருக்கிறது. கண் கேட்ட தோழனுக்கு இறைவன் கண்ணைத் தராமல் கோலைத் தந்தான். சினமுற்ற சுந்தரர் அதை வீசியெறிய, அது நந்தியின் மேல் பட்டுக் கொம்பு ஒடிந்தது என்பது தல வரலாறு. பலமுறை கேட்ட கதைதான். ஆனால் அந்த நந்தியின் முன் நின்றபோது எனக்குப் பீரோவின் பின்புறம் நினைவுக்கு வந்தது. தம்பிரான் தோழரே கோலை வீசியெறிந்திருக்கிறார் என்றால் நான் எம்மாத்திரம்! ஆனால் கதை அங்கே முடியவில்லையே. அந்த வழித்துணையோடுதான் அவர் காஞ்சி வரை நடந்தார். கண் பெற்றது பிறகுதான். கண்ணைக் கொடுப்பதற்கு முன் நடக்கும் வழியைக் கொடுத்தானே, அதுவும் அருள்தானே?

பக்கத்தில் இருந்த மருமகளை முழுமையாகத் திரும்பிப் பார்த்தேன். இப்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவரைக் காண நான் முகத்தைத் திருப்ப வேண்டும். கண் நன்றாக இருந்த நாளிலும் அப்படித் திரும்பியிருக்கலாம். “அம்மா, அன்றைக்கு அந்த எண்ணெய்ச் செம்பை அங்கே வைத்தவள் நான்தான்” என்றேன். “தெரியும் அத்தை” என்றாள். “தெரிந்துமா பேசாமல் துடைத்தாய்?” “நீங்கள் எவ்வளவு பயந்து போயிருந்தீர்கள் என்பதும் தெரியுமே” என்றாள். மேலே பேச எனக்கு நா எழவில்லை. அவள் தோளைப் பற்றிக்கொண்டு பிராகாரத்தை வலம் வந்தேன். அன்றிரவே பீரோவின் பின்னாலிருந்து கோலை எடுத்துத் தூசு துடைத்தேன்.

மாசியில் காஞ்சிபுரம். என் தங்கை அங்கேதான் இருக்கிறாள், வயது 61. ஏகாம்பரநாதரைத் தரிசித்து, மாமரத்தையும் வலம் வந்தபின் அவளிடம் என் நோயைப் பற்றி முதன்முறையாக விரிவாகப் பேசினேன். இந்த நோய் குடும்பவழி வரக்கூடியது. உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் 40 வயதைக் கடந்ததும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். “எனக்கு ஒன்றுமில்லை அக்கா, பேப்பர்கூட கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்” என்றாள். நானும் இரண்டு ஆண்டுகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி, மறுநாள் நானே அவளைச் சோதனைக்கு அழைத்துச் சென்றேன். அவளுக்கும் தொடக்கநிலையில் இருந்தது. நரம்பு பெரிதும் நலியுமுன்னரே மருந்து தொடங்கிவிட்டார்கள். காஞ்சியில் சுந்தரருக்கு ஒரு கண் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது என்றே சொல்வேன். அது என் தங்கையின் கண்.

பங்குனியில் ஆழித்தேருக்குத் திருவாரூர். எழும்பூரில் இரவு ரயில் ஏறினோம். கமலாலயத்தின் கரையில் உட்கார்ந்து, அறுபத்து மூவரில் ஒருவரான தண்டியடிகளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிறவியிலேயே பார்வையற்ற அவர், மண் மேடிட்டுத் தூர்ந்துகொண்டிருந்த இக்குளத்தைத் தோண்டத் துணிந்தார். குழியில் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே நடந்து நடந்து மண் சுமந்தார். திருவருளால் பின்னர் அவர் பார்வை பெற்றார். ஆயினும் பார்வை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதுதான் என் மனத்தில் பதிந்தது. கயிறு இருந்தது, அது போதும் என்று வேலையைத் தொடங்கிவிட்டார்.

தேர் நாளன்று வீதி கொள்ளாத கூட்டம். முன்பெல்லாம் திருவிழாக் கூட்டத்தில் என் முந்தானை நுனியை மகன் கையில் கொடுத்து, “விடாதே” என்பேன். இன்று பேத்தி தன் துப்பட்டாவின் நுனியை என் கையில் கொடுத்து, “விடாதீர்கள் பாட்டி” என்றாள். சிரித்துவிட்டேன். 96 அடி உயரத் தேர் என்கிறார்கள். எனக்கு ஒரு நேரத்தில் அதன் ஒரு பகுதிதான் தெரிந்தது. மேலிருந்து கீழாகப் பார்வையை நகர்த்தி, துண்டு துண்டாகக் கண்டு, மனத்தில் சேர்த்துக்கொண்டேன். தேர் நகருமுன் மகன் என்னை வடத்தருகே அழைத்துச் சென்றான். குனிந்து இரு கைகளாலும் அதைத் தொட்டேன். “ஆரூரா! தியாகேசா!” என்று முழக்கம் எழுந்தது. அந்தக் கனத்த கயிற்றின் முரமுரப்பு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. அந்தக் கணத்தில் பார்வையின் நினைவே எனக்கு இல்லை.

நாட்காட்டித் தாள் இப்போது எங்கள் பூஜையறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதியவை எல்லாவற்றுக்கும் நேரே குறியிட்டாயிற்று. கண்ணோ அப்படியே இருக்கிறது. சென்ற மாதச் சோதனையில், நோய் மேலும் பரவவில்லை என்றார் மருத்துவர். எனக்கு அதுவே பெரும்பேறு. கண் இருக்கும்போதே கண்டுவிட வேண்டும் என்ற பதற்றத்தில் தொடங்கிய பட்டியல் அது. அதிலுள்ள ஊர்களையெல்லாம் கண்டேன். ஆனால் நான் உண்மையில் புதிதாகச் செய்தது ஒன்றுதான்: பிறர் கையைப் பிடித்துக்கொள்ளப் பழகினேன். 68 ஆண்டுகளாக அது எனக்குத் தெரியாமலிருந்தது.

என் வயதை ஒத்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்வையில் சிறிது மாற்றம் தெரிந்தாலும் மறைக்காதீர்கள். வலி இல்லையே என்று நாள் கடத்தாதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவர்களையும் சோதனைக்கு அனுப்புங்கள். ஊன்றுகோலை எவரேனும் அன்போடு நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். எறிந்தால் ஒடிவது நந்தியின் கொம்பு மட்டுமல்ல, நீட்டியவரின் மனமும்தான்.

இரவு எட்டு மணி அடித்ததும் மருமகள் சொட்டு மருந்தோடு வருவாள். முகத்தை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து காட்டுவேன். ஒரு துளி விட்டதும் இமையை மூடி, மூக்கோரத்தை மெல்ல அழுத்தியபடி சில நிமிடம் இருக்க வேண்டும். அந்த இருளில் ஆதிபுரீஸ்வரரை ஒருமுறை நினைத்துக்கொள்வேன். கவசமில்லாத அந்தத் திருமேனி இப்போது கண்ணை மூடினாலும் தெரிகிறது. அது வரைக்கும் மருமகள் என் இடப்புறமாகவே அமர்ந்திருப்பாள். அவள் அங்கே இருக்கிறாள் என்பதை அறிய இப்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருப்பதில்லை.